ஆறக் கூடாத புண்

கண்ணில் ஆபரேஷன் என்று வாயைத் திறந்தால் ஊரே டாக்டராகிவிடும். தேவராஜ மார்க்கெட்டில் என் வாழை இலைக் கடைக்கு எதிரே தேங்காய் விற்பவர், "பொரை எடுக்கறதுதானே அண்ணா? எங்க அத்தை மறுநாளே சீரியல் பாத்தாங்க" என்றார். எனக்குப் புரை இல்லை, கிளாக்கோமா என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் விடுங்க" என்று தேங்காயை உடைக்கப் போய்விட்டார்.

ஒன்று இல்லை. புரையை எடுத்தால் மங்கிய பார்வை திரும்பி வரும். கிளாக்கோமாவில் போனது போனதுதான். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பின்னாலிருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். எனக்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. இடது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று தெரிவதற்குள், இடப்பக்கம் நிற்கும் ஆளை மதிக்காத திமிர் பிடித்தவன் என்று மார்க்கெட்டில் பெயர் வாங்கியிருந்தேன். மிச்சம் வலது கண். அதிலும் ஓரங்கள் போய், நடுவில் ஒரு வட்டம்தான் இருந்தது. அந்த வட்டத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை கூத்தும்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். சொட்டு மருந்து மாற்றி மாற்றி ஊற்றியாயிற்று, லேசரும் அடித்தாயிற்று, அழுத்தம் இறங்கவில்லை. இனி கத்திதான் என்றார். மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் சின்னதாக ஒரு வாசல் வெட்டி நீரை வடியவிடுவது ஒரு வழி. அது மூடிக்கொண்டால் குழாய் பொருத்துவது இன்னொரு வழி. புரை எடுக்கும்போதே கூடவே வைத்துவிடும் நுணுக்கமான குழாய்களும் உண்டாம். ஆனால் நான் முற்ற விட்டுவிட்டு வந்ததால் அந்தச் சொகுசு எனக்கில்லை.

"பண்ணிக்கிட்டா பார்வை கூடுமாம்மா?" என்று கேட்டேன்.

"கூடாது அங்கிள். இருக்கறது நிக்கும்" என்று கன்னடம் கலந்த தன் அரைத் தமிழில் சொன்னவர், கொஞ்சம் யோசித்து, "பெரும்பாலும்" என்று சேர்த்துக்கொண்டார்.

கடையில் நான் இப்படி வியாபாரம் பேசினால் ஒரு கட்டு இலை விற்காது. ஆனாலும் தலையாட்டினேன். பயம்தான் காரணம்.

நாங்கள் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீடுகளில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், மஞ்சள் துணியில் காசை முடிந்து மலை மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்ட பிறகுதான் மருந்துக் கடைக்கே போவார்கள். என் மனைவி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபடியே முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்று சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்பது அவள் கட்சி.

ஆபரேஷன் முடிந்ததும் குனியாதே, தலைக்கு ஊற்றாதே, கண்ணைக் கசக்காதே, பாரம் தூக்காதே என்று ஆளாளுக்கு மிரட்டினார்கள். மேல் இமைக்குள் கொப்புளம் மாதிரி ஒன்று எழும்பியிருந்தது. நீர் அதற்குள்தான் வடிகிறதாம். வெட்டிய கண்ணில் கொப்புளம் கிளம்பினால் சந்தோஷப்பட வேண்டும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா கருவியின் வழியே வெகுநேரம் பார்த்தார்.

"புண்ணு ரொம்ப நல்லா ஆறுது அங்கிள்."

என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அதுதான் பிரச்சனை ஆன்ட்டி" என்றார் டாக்டரம்மா. வேண்டுமென்று வெட்டிய வாசல் என்று உடம்புக்குத் தெரியாது, காயம் என்று நினைத்து மூடப் பார்க்கும். ஆறாமலிருக்க ஆபரேஷனின்போதே மருந்து வைத்தார்களாம், என் உடம்பு அதையும் மீறி ஆறிக்கொண்டிருந்தது. அழுத்தம் மறுபடி ஏறிவிட்டது. ஊசியால் அந்தத் தழும்பைக் கீறி வழியைத் திறந்து மருந்து போட வேண்டும், இன்றைக்கே செய்துவிடலாம் என்று எங்களை வெளியே உட்காரச் சொன்னார்.

மரத்துப்போகும் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்றாள் என் மனைவி.

"என்ன?"

"புண்ணு சுருக்கா ஆறோணும்னு முடிஞ்சு வெச்சனுங்க. தழும்பே தெரியாம ஆறோணும்னு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைக்கு நல்ல இடம் கேட்டோம், மகனுக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நல்ல வேலை கேட்டோம், ஒன்றுக்கும் அசையாத மாதேஸ்வரன், கேட்கக் கூடாததைக் கேட்டதும் மலையிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இலை வாடியிருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். மிச்சமிருக்கும் வட்டமும் போய்விட்டால், இவள் முகம் வாடியிருப்பதை எப்படித் தெரிந்துகொள்வேன்? ஆபரேஷன் மேஜையில்கூட அவ்வளவு பயப்படவில்லை.

பல்லால் முடிச்சை அவிழ்த்தாள் போலிருக்கிறது, காசு தரையில் விழுந்தது. தேடி எடுத்து மறுபடி முடிந்தாள். இந்த முறை வாய்விட்டே வேண்டினாள்.

"சாமி, முன்ன சொன்னத உட்டுரு. இவரு புண்ணு ஆறவே வேண்டாம். சாகற மட்டும் ஆற வேண்டாம்."

எங்கள் பெஞ்சில் இருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும் போல. எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

ஊசி வேலை செய்தது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேண்டுதலையும் நிறைவேற்றிய பெருமை மாதேஸ்வரனுக்குச் சேர்ந்துவிட்டது, மலைக்குப் போய் இரண்டுக்கும் காணிக்கை போட்டுவிட்டு வந்தாள். வாசல் எத்தனை காலம் திறந்திருக்கும் என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. மூடினால் மறுபடி ஊசி, அதுவும் போனால் குழாய்.

இப்போதெல்லாம் காலையில் காபி வைப்பதற்கு முன் அவள் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து என்னைக் கீழே பார்க்கச் சொல்கிறாள். மேல் இமையை மெல்லத் தூக்கிக் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

"ஆறலீங்க" என்கிறாள், வாயெல்லாம் பல்லாக.

நான் நிமிர்ந்து பார்க்கிறேன். அந்த வட்டத்துக்குள் அவள் முகம் இன்னும் முழுசாக அடங்குகிறது.