தள்ளிவிட்ட இரைச்சல்

எனக்கு இரைச்சல் என்றாலே ஆகாது. அதை ஒழிப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. இதயம் துடிக்கும்போது மிக மெல்லிய காந்தப்புலம் ஒன்று வெளியே கசியும். உடம்பைத் தொடாமலே அதைப் பதிவு செய்கிற மீக்கடத்தி உணரிகளை நான் வடிவமைக்கிறேன். திரவ ஹீலியத்தில் உறைந்து கிடக்கும் உணரிச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு ஊக்கு இருந்தாலும் அதன் காந்தம் இரைச்சலாகக் கலந்து பதிவு பாழ்.

புது உணரியைச் சோதிக்க ஆள் தேடிக்கொண்டிருந்த சமயம், சிவகாசியிலிருந்து அண்ணன் என்னைப் பார்க்க வந்திருந்தார். எம். புதுப்பட்டிப் பக்கம் சின்னதாகக் கம்பி மத்தாப்பு கம்பெனி நடத்துகிறவர். சீசனில் ஆள் பற்றாவிட்டால் இரும்புத் தூளைத் தானே சலித்து மருந்தில் கலப்பார். பெல்ட், மோதிரம், அரைஞாணில் கிடந்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

"கோமணத்தையாவது விட்டு வைப்பியாலே?" என்று சிரித்துக்கொண்டே படுத்தார்.

பதிவு படுமோசம். துடிப்புக்கு அடியில் மெதுவாக ஏறி இறங்கும் பெரிய அலை ஒன்று. மேலில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும் என்று அண்ணனைத் தலைக்குக் குளிக்க வைத்து, என் வேட்டியைக் கட்டிவிட்டேன். அலை போகவில்லை. மூச்சை அடக்கச் சொன்னபோது நின்றது, மூச்சு விட்டதும் திரும்பி வந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. "உங்களுக்கு உடம்பே மத்தாப்பாயிருச்சுண்ணே" என்று கேலி செய்துவிட்டு, வடிகட்டி போட்டு அந்த அலையை நீக்கினேன். மிஞ்சிய இதயத் துடிப்பு அவ்வளவு சுத்தம். அந்த உணரி பற்றிய என் ஆய்வுக் கட்டுரையின் முதல் படமே அதுதான்.

நாலு வருஷம் கழித்து, மாடிப்படி ஏற முடியவில்லை என்று மதுரையில் அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் முழுக்கத் தூசி. முன்பே தெரிந்திருந்தால் தூள் பக்கமே போகாமல் நிறுத்தி, இம்புட்டு முற்ற விட்டிருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக அண்ணி போனில் அழுதார். போனை வைத்துவிட்டு, வடிகட்டாத பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். அண்ணனின் நெஞ்சுக்குள் படிந்திருந்த இரும்பு மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஊக்குத் தேடியே பழகின மடையன் நான், ஆளைப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கித்தான் அண்ணனால் பேச முடிந்தது.

"அன்னைக்கு என்னையப் படுக்க வச்சு எடுத்தியேலே, அதுல இது ஒண்ணும் தெரியலையோ?"

குற்றமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"இல்லண்ணே, அது இதயத்த மட்டுந்தான் காட்டும்."

அண்ணன் அண்ணி பக்கம் திரும்பினார். "நாந்தான் சொன்னேனே. தெரிஞ்சிருந்தா எந்தம்பி சொல்லாம இருப்பானா?"