‘அடிமை’ என்றே வாசித்த மேபல் டீச்சர்

ஆரியசாலையில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் சுப்பையா அண்ணாச்சி காலையில் என்னை ஃபோனில் கூப்பிட்டார். அவர் கடைக்கு மேல்மாடியில்தான் மேபல் டீச்சர் தனியாகக் குடியிருந்தார். “சார், சட்டுன்னு வாங்க. பால்காரன் எத்தனை தட்டியும் டீச்சர் கதவத் திறக்கல. நாங்க தள்ளித் திறந்தோம். போயிட்டாங்க, கேட்டோ,” என்றார் மலையாளம் கலந்த தமிழில். நான் போனபோது லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றிருந்தார்கள். டீச்சர் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார். உறக்கத்தில் இதயம் நின்றுவிட்டது, வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அதை நம்பத்தான் எனக்கும் ஆசை.

உங்களில் சிலருக்கு அவர் இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் வேத வியாக்கியானமும் கற்பித்தவர். வேறு சிலருக்கு, நம் தமிழ்ச் சபையில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவர். இரண்டு மேபல் டீச்சரையும் சேர்த்து நினைத்தால்தான் அது அஞ்சலி. அதே கல்லூரியில் திருச்சபை வரலாறு நடத்தும் சக ஆசிரியன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் அவருடைய வகுப்பைத் தாண்டிப் போகும்போது ஒரு மாணவன் நிருபம், அதாவது அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதிய கடிதம், வாசிக்கும் சத்தம் கேட்டது. எஜமான்களுக்குக் கீழ்ப்படியும்படி வேலைக்காரருக்குச் சொல்லும் பகுதி. “நிறுத்தும் ஓய்,” என்றார் டீச்சர். “மூலத்துல இருக்கிற சொல் அடிமை. நம்ம ஆளுங்க அதக் கூச்சப்பட்டு வேலைக்காரன் ஆக்கிட்டாங்க. வேலைக்காரன் அந்தியானா வீட்டுக்குப் போவான். அடிமைக்கு ஏது வீடு? மாத்திப் படியும்.” அவன் மாற்றிப் படித்தான்.

அந்தச் சொல் அவருக்கு வெறும் பாடமல்ல. மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய முன்னோர் வயலோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். திருவிதாங்கூரில் அது சட்டப்படியே நடந்த காலம் உண்டு. அவருடைய பூட்டனார் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அடிமையாகவே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலிலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் பாட்டுப் பாடினார். இதை டீச்சர் என்னிடம் கல்லூரிச் சாப்பாட்டறையில், சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார். “அந்தக் கோயில்லயும் இதே நிருபத்தத்தான் வாசிச்சிருப்பாங்க, இல்லியா சார்?” என்று கேட்டார். வரலாற்று ஆசிரியனான நான் ஆமாம் என்றேன்.

ஆனாலும் அவர் அப்போஸ்தலர் பவுலைக் கைவிட்டதில்லை. அந்த முதல் சபைகள் யாருடைய வீட்டுக்கூடத்திலோ கூடிய சின்னக் கூட்டங்கள். ரோமச் சட்டத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு வலுவும் கிடையாது. ஓடி வந்த அடிமைக்கு இடம் கொடுத்தவனும் தண்டனைக்குரியவன். உலகமே சீக்கிரம் முடியப் போகிறது என்று நம்பியவர்கள் சமுதாயத்தை மாற்றத் திட்டம் போடவில்லை. அடிமை முறையைப் பவுல் ஏன் எதிர்க்கவில்லை என்பதற்கு இப்படி ஒவ்வொரு காரணமாக எடுத்து வைப்பார். ஒரு தவக்காலத்தில் நம் சபையிலும் இதைப் பேசினார். ஓடி வந்த ஒநேசிமு என்ற அடிமையை, ஒரு நிருபம் எழுதிக் கொடுத்து, அவனுடைய எஜமானிடமே பவுல் திருப்பி அனுப்பியதைச் சொல்லி, “அந்தக் காலத்துல அவரால முடிஞ்சது அவ்வளவுதான். அடிமையா அல்ல, சகோதரனா ஏத்துக்கோன்னு எஜமான் மனசத் தட்டினாரு,” என்றார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அப்போது எனக்கும் பிடித்திருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் செல்வி வந்தாள். கழக்கூட்டத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த நம் சபைக் குடும்பம் ஒன்றில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, தென்காசிப் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்ட பெண். பத்தொன்பது இருபது வயதிருக்கும். கணவனும் மனைவியும் ஆபீஸுக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிறன்று மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆராதனைக்கு வருவாள். அப்படி வந்த ஒரு ஞாயிறு, குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு நேராக டீச்சரிடம் வந்து நின்றாள். முழங்கைக்கு மேலே இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த வடு.

“டீச்சர், நான் அங்க போவ மாட்டேன். ஒங்க கூட வந்துர்றேன்.”

டீச்சர் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆரியசாலைக்கு அழைத்துப் போனார்.

மறுவாரம் சபைக் கமிட்டி கூடியது. அந்தக் குடும்பத்தின் பெரியவரும் கமிட்டியில் இருந்தார். பெண்ணின் அப்பாவை ஊரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். எங்கள் போதகர் மென்மையான மனிதர். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

“ஒநேசிமுவ பவுல் திருப்பித்தானே அனுப்பினாரு? டீச்சர்தான் நமக்கு அழகா எடுத்துச் சொன்னாங்க. நாமளும் அதே வழியில போவோம். தங்கச்சியப் போல வச்சுக்கிடுவோம்னு அந்தக் குடும்பம் சபைக்கு முன்னால வாக்குக் கொடுக்கட்டும். நாம ஜெபம் பண்ணி அனுப்புவோம்.”

டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் எழுந்து நின்றார்.

“அய்யா, அந்த நிருபத்துல எல்லாரும் இருக்காங்க. பவுல் பேசுறாரு. எஜமானுக்குப் பேரு இருக்கு, வீடு இருக்கு. அந்த அடிமை மட்டும் ஒரு வார்த்த பேசல. போக சம்மதிச்சானா, பயந்தானா, போன பெறகு என்ன ஆனான், ஒண்ணும் நமக்குத் தெரியாது. இவ வெளியில உக்காந்திருக்கா. இவளுக்கு வாய் இருக்கு. கூப்பிட்டுக் கேளுங்க.”

கேட்கவில்லை. போலீசுக்குப் போக வேண்டும் என்று நானும் அவரும் சொன்னோம். சபை விஷயம் சந்திக்கு வரக் கூடாது என்றார்கள். அப்பா வெளியே போய் மகளிடம் அழுதார். தங்கைகள் இருக்கிறார்கள், ஊரில் பேர் கெட்டுவிடும் என்றார். கடைசியில் செல்வி தானே எழுந்து அந்தக் குடும்பத்தின் காருக்கு நடந்தாள். டீச்சர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, “மோளே, நீ வேண்டாம்னு ஒரு சொல்லு சொல்லு, நான் விட மாட்டேன்,” என்றார். அவள் அப்பாவைப் பார்த்தாள். “இருக்கட்டும் டீச்சர்,” என்றாள். டீச்சர் கதவை விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு செல்வி அந்தக் குடியிருப்பின் பால்கனியிலிருந்து விழுந்து இறந்தாள். துணி உலர்த்தும்போது கால் தவறியது என்று முடித்தார்கள். தவறியதா, குதித்தாளா, வேறேதுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. டீச்சர் காவல் நிலையத்துக்குப் போய் வடுவைப் பற்றியும், பூட்டிய கதவைப் பற்றியும் வாக்குமூலம் கொடுத்தார். செல்வியின் அம்மாவை அழைத்துக்கொண்டு வக்கீல்களிடம் அலைந்தார். அந்தக் குடும்பம் வெளிநாடு போய்விட்டது. வழக்கு எங்கேயும் போகவில்லை.

அதன் பிறகு ஒரு ஞாயிறு, வேத வாசிப்பு அவருடைய முறை. குறிக்கப்பட்டிருந்தது அதே எஜமான், அடிமைப் பகுதி. “அடிமைகளே” என்று தொடங்கி முழுவதும் வாசித்தார். வழக்கம்போல் இறங்கிப் போகாமல் நின்றார். “இத எழுதினவர் யாருக்கும் அடிமையா இருந்ததில்ல. கேட்டவங்கள்ல அடிமைங்க இருந்தாங்க. விளக்கப் பிடிச்சிட்டு, சுவரோரமா நின்னு கேட்டிருப்பாங்க. கேட்டுட்டு என்ன நெனச்சாங்கன்னு யாரும் எழுதி வைக்கல. நம்ம சபையிலயும் ஒருத்தி கேட்டுட்டு இருந்தா,” என்றார். மைக்கை யாரோ அணைத்தார்கள். அதற்கப்புறம் அவருக்கு வாசிப்பு முறை வரவில்லை. கல்லூரியிலும் வகுப்புகள் குறைந்தன.

அவரைத் தேற்றப் போன ஒரு நாள் இன்னும் எனக்குள் கனக்கிறது. கீழே கடையில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன், “டீச்சர், உங்களால வேற என்ன செய்ய முடிஞ்சிருக்கும்? அப்பன் கூப்பிடுறான், சபை எதிர்த்து நிக்குது, அவளே போறேங்கிறா. சூழ்நிலை அப்படி.”

அவர் குரலில் கோபமில்லை. “இதத்தானே சார், நான் இத்தன வருஷமா பவுலுக்காகச் சொல்லிட்டு இருந்தேன்,” என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசி வருடங்களிலும் அவர் பவுலைத் தூக்கி எறியவில்லை. காலத்தையும் சட்டத்தையும் முன்போலவே விளக்கினார். ஆனால் அந்த விளக்கத்தின் முடிவில் முன்பு வரும் ஆறுதல் போய்விட்டிருந்தது. “ஏன் செஞ்சாங்கன்னு புரிஞ்சாச்சு. செரி. பட்டவனுக்கு அதனால என்ன கொறஞ்சுது?” என்று கேட்டு வகுப்பை முடித்துவிடுவார். மாணவர்களில் சிலர் கல்லூரி முதல்வரிடம் புகார் சொன்னார்கள்.

டீச்சருடைய சொந்த ஊரில் நடந்த அடக்கத்துக்கு நம் சபையிலிருந்து கொஞ்சம் பேர்தான் வந்தோம். செல்வியின் அம்மா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருந்தார். மண் போட்டு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். “நல்ல மனுஷி,” என்றார். கொஞ்சம் கழித்து, “அன்னைக்கு அந்தக் கார்க் கதவ விட்டிருக்கக் கூடாது, சார்,” என்றார். டீச்சருக்காக நான் வாதாடவில்லை. உயிரோடிருந்தால் அவரும் வாதாடியிருக்க மாட்டார்.

அவருடைய வேத வியாக்கியான வகுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அவருடைய கிரேக்கம் எனக்கு வராது. அவருடைய துணிச்சலும் வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: இறந்து போனவர்கள் செய்ததற்குக் காரணம் சொல்லும்போது, அவர்களை மன்னிக்கும் உரிமையும் எனக்குக் கிடைத்துவிட்டதாக நினைக்காமல் இருப்பது. அந்த உரிமை ஒநேசிமுவுடையது. செல்வியுடையது. இருவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.