கையெழுத்துப் போட்டவரின் இருக்கை

காலை ஏழு நாற்பது. மரங்களுக்கு மேலே முதலில் தெரிந்தது வால். நேராக நின்று, உச்சியில் குறுக்கே ஒரு பட்டை வைத்த வால். பிறகுதான் விமானக் கொட்டகையின் தகரக் கூரையும், காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பையும், வேலியும் வந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அன்று சனிக்கிழமை. நாட்காட்டிப்படி ஆயுதபூஜை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. ஆனால் நியூஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த எல்லாப் பண்டிகைகளும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டன. சாமிகளும் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். மான்மவுத் ஜங்ஷனிலிருந்து புறப்பட்ட எங்கள் வேனில் அப்பா, அம்மா, பெரியம்மா, நான் ஆகியோரோடு ஒரு பிளாஸ்டிக் கூடையும் இருந்தது. கூடையில் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம், நான்கு எலுமிச்சம்பழம், ஒரு பெரிய டப்பா நிறையப் புளியோதரை.

பெரியப்பா விடியற்காலை ஐந்து மணிக்கே தன் காரில் போய்விட்டார். அவர் என் அப்பாவின் அண்ணன். இளம் வயதில் வளைகுடா நாடு ஒன்றில் ஒன்பது வருடம் விமான மெக்கானிக்காக இருந்தவர். அப்பா பச்சை அட்டைக்கு எழுதிப்போட்டு வரவழைத்த பிறகு, ஐம்பது வயதுக்கு மேல் பரீட்சை எழுதி அமெரிக்க உரிமம் வாங்கி, இங்கேயும் அதே வேலையைச் செய்து ஓய்வுபெற்றார். பெரியம்மாவும் அவரும் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். ஓய்வுபெற்ற மூன்றாவது வாரமே அவர் வேறொரு வேலை தேடிக்கொண்டார். முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்த இந்தச் சின்ன விமானத் திடலில் பதினோரு வருடமாக டயர் காற்றிறங்கி நின்ற ஒன்-இலெவன் என்ற பழைய விமானத்தைச் சரிசெய்வது. பிரிட்டனில் செய்த ஜெட். வாலுக்கு அருகே இரண்டு எஞ்சின்கள், வாலுக்கு அடியில் படிக்கட்டு. வளைகுடாவில் அவர் கைபட்டதும் இதே வகைதான்.

அவரோடு ஐந்து அமெரிக்கர்கள் வேலை செய்தார்கள், எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். குழுவின் தலைவர் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். மூன்று வருடச் சனிக்கிழமைகளை ஆறு பேரும் அதற்கே கொடுத்தார்கள். திடலின் உரிமையாளர் இடத்தைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். தெற்கே இரண்டு மணி நேரப் பறக்கும் தொலைவில் ஓர் அருங்காட்சியகம் விமானத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. அங்கே போக அரசாங்கம் ஒரே ஒரு பயணத்துக்கு அனுமதி கொடுத்தது. மழையால் இரண்டு முறை தள்ளிப்போன அந்தப் பயணத்துக்கு அன்று மாலைதான் கெடு. போகாவிட்டால் திங்கட்கிழமை வெட்டித் தகரமாக்க ஆள் பேசியாகிவிட்டது.

அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் மெக்கானிக் அதில் கூடவே பறக்க வேண்டும். முதல் சனிக்கிழமையே இந்த விதியைச் சொன்னவர் பெரியப்பா. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அனுமதிச் சீட்டின்படி இரண்டு விமானிகளைத் தவிர ஒரு மெக்கானிக்குக்குத்தான் இடம். விமானிகளுக்குப் பின்னால் மடக்கி வைக்கும் அந்த இருக்கை பெரியப்பாவுடையது.

எனக்கு இதில் துளியும் விருப்பமில்லை. முந்தின வாரம் சமையலறையில் அம்மா அப்பாவிடம் பேசியதைக் கேட்டிருந்தேன். "நம்ம வேன் பதினஞ்சு வருஷம் ஓடினதுன்னு highway-ல எடுக்கவே யோசிக்கறோம். இது நாப்பது வருஷத்து டப்பாங்க. உங்க அண்ணன அதுல ஏத்தி அனுப்பறீங்களே, உங்களுக்கு பயமா இல்ல?" அப்பா கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார். பயமாக இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

திடலில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து மூன்று குடும்பங்கள் மடக்கு நாற்காலிகளோடு ஏற்கெனவே வந்திருந்தன. ஆன்ட்டிகள் பட்டுப் புடவைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். பெரியம்மா இறங்கியதும் கூடையோடு நேராகப் பெரியப்பாவிடம் போனாள்.

"ஏங்க, தேங்கா ஒடைக்கலாமா?"

"கூடாது."

"பூசணிக்கா?"

"ஒரு சில்லு எஞ்சினுக்குள்ள போச்சுன்னா மூணு வருஷம் போச்சு. கூடாது."

"கற்பூரமாவது?"

பெரியப்பா அவளைப் பார்த்தார். "உள்ள டேங்க் டேங்கா fuel இருக்கு."

"அப்ப நான் என்னதான் பண்றது? கைய கட்டிக்கிட்டு நிக்கவா?"

கடைசியில் முன்சக்கரத்தின் தண்டில் ஒரே ஒரு பொட்டு, சக்கரத்துக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம் என்று முடிவானது. எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேப்டன் கேட்டார். எழுபதைத் தாண்டியவர், உயரமானவர். இந்த வகை விமானத்தை இருபது வருடம் ஓட்டியவர். நசுக்குவதற்கு என்று பெரியப்பா விளக்கினார். "அவ்வளவுதானே, அது எனக்கு வரும்," என்றார் கேப்டன்.

எட்டரை மணிக்குப் பெரியப்பா விமானத்தைச் சுற்றி வந்தார். சக்கரம், இறக்கை, எஞ்சின் வாய் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். சிவப்பு நாடா தொங்கிய மூடிகளைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்கு ஒரு மேஜைமேல் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கை விரித்துக் கையெழுத்துப் போட்டார். அப்பா படம் எடுத்தார். அங்கிள்கள் கைதட்டினார்கள்.

பிறகு பூஜை நடந்தது. எல்லோரும் முன்சக்கரத்தைச் சுற்றி நின்றபோது நான் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு விமானத்தின் இடப்பக்கம் போனேன். ஒரே ஒரு பொட்டு இவ்வளவு பெரிய விமானத்துக்குப் போதாது என்பது என் கணக்கு. மூக்கிலிருந்து சற்றுத் தள்ளி, அம்மாவின் தலை உயரத்தில் வெள்ளி நிறத் தகடு ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் புதிதாக அடித்த சிவப்பு வட்டம். பொட்டு வைப்பதற்காகவே யாரோ இடம் விட்டு வரைந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் நின்ற மஞ்சள் நிறப் படியில் ஏறி, வட்டத்தின் நடுவில் சந்தனத்தைக் கட்டைவிரலால் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கண்ணை மூடி, பெரியப்பா போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். போனால் பத்திரமாகப் போக வேண்டும் என்று வேண்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு விமானிகள் ஏறிவிட்டார்கள். பெரியப்பா ஏறுவதற்கு முன் பழக்கத்தில் இன்னொரு முறை சுற்றி வந்தார். இடப்பக்கம் வந்ததும் நின்றார். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"யாரு வெச்சது?"

"நான் இல்லைங்க, சத்தியமா," என்றாள் பெரியம்மா.

நான் பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினேன். "நான்தான்."

திட்டு விழும் என்று அம்மாவின் பக்கம் நகர்ந்தேன். பெரியப்பா என் உயரத்துக்குக் குனிந்தார். "எவ்ளோ அழுத்தி வெச்ச, கண்ணு? காட்டு."

அவர் உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினேன். "நல்லா அழுத்தினேன். விழாம இருக்கணும்ல?"

அந்தத் தகட்டின் நடுவில் ஊசிமுனை அளவில் நான்கு துளைகள் இருந்தன. வெளிக்காற்றின் அழுத்தம் அவற்றின் வழியாகத்தான் உள்ளே போய், விமானம் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை விமானியின் முன்னாலுள்ள கருவிகளின் முட்களுக்குச் சொல்லும். துளை அடைத்தால் முட்கள் பொய் சொல்லும். காய்ந்த சந்தனம் சுண்ணாம்பு மாதிரி இறுகும்.

பெரியப்பா துடைத்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். மூன்று துளைகள் சுத்தம் என்றார். நான்காவதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வலப்பக்கத்திலும் இதேபோல் ஒரு தகடு இருக்கிறது, வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஓர் ஊசித் துளைக்காக நிறுத்த வேண்டுமா என்றார். அவர் குரல் உயர்ந்தது. கீழே இறங்கி வந்த கேப்டன் மட்டும் அமைதியாகப் பெரியப்பாவிடம், "உன் கையெழுத்து, உன் முடிவு," என்றார்.

அப்பா தமிழில் கிசுகிசுத்தார். "அண்ணா, அதான் தொடச்சாச்சுல்ல? எல்லாரும் பாக்கறாங்க."

"வெளிய தொடச்சாச்சு. உள்ள போயிருந்தா?"

"சின்னப் பொட்டு அண்ணா."

"துளை அதவிட சின்னதுடா."

அவர் மேஜைக்குப் போய் லாக்புக்கைத் திறந்தார். தன் கையெழுத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் நேரத்தை எழுதினார். ஒன்பது ஐம்பத்தெட்டு. பெரியம்மா கூடையை எடுத்துக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளிருக்கும் குழாய்களைச் சோதிக்க ஒரு கருவி வேண்டும். ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் அது இருந்தது. அதைக் கொண்டுவந்து சோதிக்க அங்கிருந்த இளம் மெக்கானிக் ஒருவர் சம்மதித்தார். அந்தச் சோதனைக்கான உரிமம் அவரிடம்தான் இருந்தது. பெரியப்பாவிடம் இல்லை. கடைசி வேலையைச் செய்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இருக்கை ஒன்றுதான். இதெல்லாம் கோடு போடும்போதே பெரியப்பாவுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

காத்திருந்த நேரத்தில் எல்லோரும் புளியோதரை சாப்பிட்டோம். கேப்டன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அவரும் பெரியப்பாவும் வாலுக்கு அடியில் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்திருக்க, நான் கீழ்ப்படியில் இருந்தேன். ஒரு நாளில் எட்டு முறை ஏறி இறங்குவோம் என்று கேப்டன் சொன்னார். காபி ஆறுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுமாம். இந்த எஞ்சின்கள் போடும் சத்தத்துக்கு எல்லா ஊர்களிலும் புகார் எழுதினார்களாம். அவருடைய அம்மா மட்டும் புகார் எழுதவில்லை. சத்தம் வீட்டைத் தாண்டியதும் மகன் வருகிறான் என்று அடுப்பை மூட்டுவாராம்.

"நீ இந்த வகையில் எவ்வளவு நேரம் பறந்திருப்பாய்? வளைகுடாவிலும் இந்த விதிதானே? சோதனைப் பயணம் எல்லாம் போயிருப்பாயே?" என்று அவர் கேட்டார்.

"ஜீரோ," என்றார் பெரியப்பா. அங்கே கழற்றிப் பூட்டியது நாங்கள், கையெழுத்துப் போட்டது இங்கிலாந்துக்காரர்கள், பறந்ததும் அவர்கள் என்றார். ஊருக்குப் போகும்போது வேறு கம்பெனியின் வேறு விமானம்தான் கிடைக்கும். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கேப்டன் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடுபாதையைப் பார்த்தபடி இருந்தார்.

எனக்கு அந்த ஜீரோ பிடித்திருந்தது. இதுவரை இதில் பறக்காதவர் இனி எதற்குப் பறக்க வேண்டும்?

இளைஞர் ஒன்றரை மணிக்கு வந்தார். கருவியைப் பொருத்தி, இரண்டு மணி நேரம் முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். எல்லாம் சரியாக இருந்தது. நான்காவது துளையில் ஒன்றும் இல்லையா, இருந்து வெளியே வந்துவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இளைஞர் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டார். உள்ளே மடக்கு இருக்கையை எப்படி விரிப்பது, வார்ப்பட்டையில் எந்தக் கொக்கி இறுகும் என்று பெரியப்பாதான் அவருக்குக் காட்டினார். படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைத் தன் கைக்குட்டையால் ஒரு முறை துடைத்தார்.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு விமானம் நகர்ந்தது. எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கின. ஓடுபாதையின் கடைசியில் திரும்பி நின்று, அந்தப் பெரிய சத்தத்தோடு கிளம்பியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். குழுத் தலைவர் அழுதுகொண்டே பெரியப்பாவைக் கட்டிக்கொண்டார். பெரியப்பா தலையைத் தூக்கி, புள்ளியாகும்வரை பார்த்தார். புள்ளியான பிறகும் பார்த்தார்.

வேனிலிருந்து இறங்கி வந்த பெரியம்மா அவர் பக்கத்தில் நின்றாள். "மனசுக்கு கஷ்டமா இருக்காங்க?"

"அது போயிடுச்சுல்ல," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி சொல்லலாம் என்று தோன்றியது. "பெரியப்பா, நான்தான் வேண்டிக்கிட்டேன். நீங்க போகக் கூடாதுன்னு. பொட்டு வெக்கும்போது."

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு என் தலையில் கைவைத்து, "அப்ப நல்லாத்தான் வேண்டியிருக்க," என்றார்.

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் பாடிக்கொண்டு வந்தேன்.

ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பத்திரமாக இறங்கிவிட்டது என்று கேப்டன் தொலைபேசியில் சொன்னார். அருங்காட்சியகத்தில் அடுத்த வாரமே, இனி பறக்க வேண்டியதில்லை என்று, இரண்டு எஞ்சின்களையும் கழற்றிவிட்டார்கள்.