நான் எரித்த ஒப்பந்தம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் தம்பியின் மகள் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் காலுறையுமாக என் கதவடியில் நின்றாள். மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் மேலுதட்டில் காய்ந்திருந்தது. இடது காது வீங்கிச் சிவந்து, பக்கத்துத் தலைமயிர் அதில் ஒட்டிக் கிடந்தது.

பாரிஸ் லா சப்பலில், மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், ஒரு அறையும் குசினியுமாக நான் தனியே இருக்கிறேன். தம்பியின் வீடு புறநகரில், லெ பிளாங்-மெனிலில். அங்கிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி, ஒற்றைச் சப்பாத்தோடு அவள் வந்திருக்கிறாள். வழியில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடிபட்ட பிள்ளையைக் கண்ட நேரத்தில் அப்படித் தோன்றியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“மாமி, கதவைப் பூட்டுங்கோ.”

“ஆரடி அடிச்சது?”

“வேற ஆர்? உங்கட செல்லத் தம்பிதான். இடுப்பில தூக்கி வளத்தனெண்டு பெருமையாச் சொல்லுவியள், அந்தத் தம்பி.”

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. தாய் நோயில் போய் நான்கு வருடம். தாதிப் படிப்பில் இரண்டாம் வருடம் தொடங்கியிருந்தாள். தகப்பனுக்குச் சொல்லாமல் பிரெஞ்சு இராணுவத்தின் ரிசேர்வில் சேர்ந்திருந்தாள். மற்ற நாட்களில் படிப்பு, சில சனி ஞாயிறும் விடுமுறையும் அங்கே பயிற்சி. எனக்கும் அன்றுதான் தெரியும். காலையில் அறை கூட்டப் போன தம்பி அலுமாரிக்குள் பச்சைப் புள்ளிபோட்ட காற்சட்டையைக் கண்டிருக்கிறான். கையில் தூசி உறிஞ்சும் மிசினின் குழாய் இருந்திருக்கிறது.

“ஒரு சொல்லுச் சொல்லேல்லை மாமி. வாயை மூடிக்கொண்டு அடிச்சவர். மிசினைக்கூட நிப்பாட்டேல்லை. அது ஒரு பக்கம் கத்திக்கொண்டு கிடந்தது.”

முகத்தைக் கழுவி, ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு என் கட்டிலில் படுத்தவள் உடனே உறங்கிவிட்டாள். இரத்தம் பட்ட சட்டையை ஊறப்போட, மாற்றுச் சட்டை இருக்கிறதா என்று அவளுடைய பையைத் திறந்தேன். அடியில் ஒரு நீளமான கடித உறை. அதற்குள் முத்திரை குத்திய நாலைந்து தாள். அவற்றோடு ஒரு படம். சீருடை போட்டு, தொப்பி சரித்து, துவக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் சிரித்தபடி நிற்கிறாள்.

அதற்குப் பிறகு என் கை செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை.

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு வருகிறது என்று சத்தம் கேட்டால் பெண்கள் முதலில் குசினிக்குத்தான் ஓடுவோம். சீருடைப் படம், கடிதம், முத்திரை உள்ள தாள், எதுவென்றாலும் அடுப்புக்குள். எல்லா வீட்டிலும் அதுதான் பழக்கம். எங்கள் வீட்டில் ஒரு தடவை ஒரு படம் தப்பிவிட்டது. என் அண்ணையோடு படித்த ஒருவன் இயக்கத்துக்குப் போய், சீருடையில் எடுத்து அனுப்பிய படம். அண்ணை அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆமிக்காரர் சாமிப்படத்தைத்தான் முதலில் கழற்றினார்கள். அண்ணையை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், எங்கள் வீட்டு உலக்கையாலேயே அடித்தார்கள். முதல் அடி முழங்காலில். பிறகு முதுகில். தலையில் விழுந்தபோது தேங்காய் உடைந்த மாதிரி இல்லை, ஈரமான சத்தம். அவர்கள் ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. உலக்கை விழுகிற சத்தமும், அம்மா மண்ணை விறாண்டுகிற சத்தமும் மட்டும்தான். தம்பிக்கு அப்போது பத்து வயது. கட்டிலுக்குக் கீழே கிடந்து, வாசல் வழியாக முழுவதையும் பார்த்தான். நான் அவன் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் கிடந்தேன். என் உள்ளங்கையை அவன் கடித்த தடம் இப்போதும் இருக்கிறது.

சாமி விளக்குக்கு வைத்திருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து, குசினித் தொட்டிக்குள் படத்தை முதலில் கொளுத்தினேன். பிறகு தாள்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். சாம்பலைத் தண்ணீர்விட்டுக் கரைத்தேன். அதுவும் ஊரில் பழகியதுதான், சாம்பல் கூட மிஞ்சக்கூடாது. அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது.

அவள் ஓடிவந்து தொட்டியைப் பார்த்தாள்.

“உதென்ன மாமி? என்ன எரிச்சனியள்?”

“ஆமிப் பேப்பர்.”

அவள் பிரெஞ்சில் கத்தினாள். எனக்கு விளங்கவில்லை. சுவரில் கையால் குத்தினாள். என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினாள், என் பல் ஒன்றோடொன்று அடித்தது. பிறகு தும்புத்தடியை எடுத்துப் புகை மணியை அடித்து நொறுக்கினாள். துண்டுகள் சோற்றுச் சட்டிக்குள் விழுந்தன. சத்தம் நின்றதும் நிலத்தில் இருந்து அழுதாள்.

“அது ஆமிப் பேப்பர் இல்லை மாமி. என்ர படிப்பு அது.”

அன்றுதான் அவள் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்தைந்து வயதாகாத, மேற்படிப்புப் படிக்கிற பிள்ளைகள் ஐந்து வருடத்துக்கு ரிசேர்வில் சேரக் கையெழுத்து வைத்தால், படிப்புக்கென்று மாதாமாதம் ஒரு உதவி கிடைக்கும். வருடத்தில் ஒரு மாதத்துக்கு மேலே பயிற்சிக்கும் வேலைக்கும் போக வேண்டும். ஆனால் அது தானாக வராது. கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கிறேன் என்ற சான்றிதழ், வங்கிக் கணக்கு விபரம், வேண்டுகோள் படிவம், நான் எரித்த ஒப்பந்தம், இவ்வளவையும் டொசியே என்று ஒரு கோவையாகக் கட்டி, தான் சேர்ந்த படைப்பிரிவின் அலுவலகத்திலேயே கொடுக்க வேண்டும். அவளை வெள்ளிக்கிழமைக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். தகப்பன் படிப்பை நிறுத்தி, தெரிந்தவரின் கடையில் காசாளராக நிற்கச் சொல்லிவிட்டான். அந்த உதவி வந்தால் அவள் அவனைக் கேட்காமல் படிப்பை முடிப்பாள். வராவிட்டால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், அந்தக் குழாய் இருக்கிற வீட்டுக்கு.

“படிக்கிறதுக்கு வேற வழி இல்லையோடி? ஆமிதானோ கிடைச்சது?”

“உங்கட ஆமியும் இந்த ஆமியும் ஒண்டோ மாமி?”

“யூனிபோமைக் கண்டால் எனக்கு வயிறு எரியுது. எந்த ஊர் ஆமியெண்டு பாத்து எரியேல்லை.”

“அங்கை எனக்குச் சுடவோ பழக்கினவை? காயக்காரருக்கு ரத்தம் நிப்பாட்டப் பழக்கினவை. ஒரு ஆள் செத்துப்போக முதல் எவ்வளவு நேரம் இருக்கெண்டு படிப்பிச்சவை.”

நான் சட்டிக்குள் கிடந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

பின்னேரம் தம்பி வந்தான். கதவை உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் சுவரில் மாட்டியிருந்த கலண்டர் ஆடியது.

“அக்கா, திற. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்.”

அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஆனால் எதிர்வீட்டார் கதவைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. எனக்கு அந்த வெட்கம்தான் பெரிதாய்ப் போனது. திறந்துவிட்டேன். அவன் என்னைத் தள்ளிக்கொண்டு போய் அவளுடைய தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்தான். அவள் மேசையின் காலைக் கட்டிப்பிடித்தாள். மேசை சாய்ந்து கறிச் சட்டி விழுந்து உடைந்தது. அவன் அவளுடைய விரல்களின் மேல் சப்பாத்தால் மிதித்தான். பிடி விட்டது. இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அவளுடைய நெற்றி கதவு நிலையில் இடித்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் வெறுமையாக இருந்தது.

அந்த முகத்தை நான் கட்டிலுக்குக் கீழே கிடந்து பார்த்திருக்கிறேன்.

தேங்காய் துருவும் திருவலை கையில் அகப்பட்டது. அதன் கட்டையால் அவன் தோளில் அடித்தேன். அறுபத்தைந்து வருடத்தில் நான் ஒரு மனிதருக்கு அடித்த முதல் அடி. அவன் வாசலுக்கு வெளியே நின்றபடி திரும்பினான். அந்த இடைவெளியில் அவள் நழுவி உள்ளே விழுந்தாள். அவன் மறுபடி வராதபடி கதவைச் சாத்தப் போனேன், என் வலது கை நிலையில் இருந்தது. வெளியிலிருந்து அவன் கதவை இழுத்து ஓங்கி அடித்துச் சாத்தினான். எலும்பு முறிந்ததை முதலில் காதால்தான் அறிந்தேன்.

கதவு மெதுவாகத் திறந்தது. என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பக்கவாட்டில் மடிந்து தொங்கின. இரத்தம் கால்மிதியில் விழுந்தது. தம்பி அதையே பார்த்தான்.

“அண்ணையை மறந்திட்டியோ அக்கா?”

“இல்லையடா,” என்றேன். “அண்ணைக்கு அடிச்சவங்களும் இப்பிடித்தான் வாய் திறக்காமல் அடிச்சவங்கள்.”

அவன் ஒரு அடி பின்னால் போனான். என் குரல் எனக்கே கேட்காத அளவு சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்குக் கேட்டது. படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தவறவிட்டு இரண்டு தரம் சுவரில் மோதினான்.

நெற்றியில் இரத்தம் வழியவழிய அவள் என் கையை மேலே தூக்கிப் பிடித்தாள். என் சேலைத் துண்டைக் கிழித்து, விரல்களுக்கு நடுவில் ஒரு கரண்டியை வைத்து இறுக்கிக் கட்டினாள். இரத்தம் நிற்கும்வரை பிடியை விடவில்லை. அழவும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். கதவு என்றேன். அது பொய்யில்லை.

வியாழக்கிழமை அவள் மறுபடி டொசியே கட்டினாள். தகப்பன் வீட்டை விட்டு வந்துவிட்டபடியால் விலாசம் மாறிவிட்டது. இவள் என் வீட்டில் இருக்கிறாள் என்று நான் என் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும், என் அடையாள அட்டையின் பிரதியும் மின்சார பில்லும் சேர்த்து.

“நான் எழுதுறன், நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ. கையும் ஏலாதுதானே.”

“உன்ர எழுத்து அவையளிட்டை ஏற்கெனவே இருக்கு. பிடிபட்டால் அதுக்கும் சேத்துக் கேப்பினம்.”

அவள் பென்சிலால் எழுதித் தந்தாள். அதைப் பார்த்து எழுதினேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதுவும் தமிழ். பிரெஞ்சு எழுத்து எனக்குப் படம் வரைகிற மாதிரி. இரண்டு விரலிலும் தகடு வைத்துக் கட்டியிருந்தது. பேனையைப் பெருவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் வலி முழங்கைவரை ஏறியது. மூன்று தாள் பழுதாகி, நாலாவது சரிவந்தது. அதில் இருந்தது இதுதான்: கீழே கையொப்பமிடும் நான், இந்தப் பிள்ளையை என் வீட்டில் வைத்திருக்கிறேன் என்று மனச்சாட்சிப்படி உறுதி கூறுகிறேன். அவள் அதன் கருத்தைச் சொன்ன பிறகு இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தேன். அதில் கையெழுத்து வைத்தால் தம்பி எனக்கு இல்லை என்பது தெரியும். வைத்தேன்.

“நீங்கள் வரத் தேவையில்லை மாமி. உங்கட அட்டைக் கொப்பி போதும்.”

“எரிச்சது நான். இல்லையெண்டு சொன்னால் என்னட்டைச் சொல்லட்டும்.”

வெள்ளிக்கிழமை போனோம். அவளுடைய படைப்பிரிவு இருந்தது பாரிசுக்கு வெளியே ஒரு பழைய கோட்டையில். வாசலில் துவக்கோடு ஒருவன் நின்றான். அவனுடைய சப்பாத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் என் அட்டையை வாங்கிப் பார்த்து, “போன்ஜூர் மதாம்,” என்று இரு கையாலும் திருப்பித் தந்தான்.

அலுவலகத்தில் தலை நரைத்த ஒரு அதிகாரி, அவரும் சீருடையில்தான். சுவரோடு இருந்த இரும்பு அலுமாரியைத் திறந்து ஒரு கோவையை எடுத்தார். அதே ஒப்பந்தம், அதே முத்திரை. மிசினில் வைத்துப் பிரதி எடுத்துத் தந்தார். ஒரு பிரதி எப்போதும் அவர்களிடம் இருக்குமாம். நான் எரித்தது, அவள் அழுதது, எல்லாவற்றுக்கும் பதில் அந்த இரும்பு அலுமாரிக்குள் இருந்திருக்கிறது.

அவளிடம் இருந்தது எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றாள்.

“முவா,” என்றேன். நான் என்று சொல்ல எனக்குத் தெரிந்த சொல் அது. “ப்ரூலே.” எரித்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். நெருப்பு இல்லை, கதவு என்று சொன்னேன். பிறகு அவளுடைய நெற்றித் தையலையும், மஞ்சளாகிக்கொண்டிருந்த காதையும் பார்த்தார். அவளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். இப்போது இருக்கிற இடம் பத்திரமா என்று கேட்டதாகப் பிறகு சொன்னாள். அவள் என் கடிதத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். கோணல்மாணலான அந்த எழுத்தை அவர் அவசரப்படாமல் வாசித்தார். எவ்வளவு காலம் என்று என்னிடம் கேட்டார்.

“ஃபேன் எகோல்,” என்றேன். முடிவு, பள்ளிக்கூடம். படித்து முடியும்வரை என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அவர் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தத்துக்கு நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது டொசியே அவர் பக்கத்தில் இருந்தது.

ஆறு கிழமைக்குப் பிறகு உதவி கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. அது ஒவ்வொரு படிப்பு வருடமும் புதிதாகக் கேட்க வேண்டியது. புதுச் சான்றிதழ், புதுக் கடிதம். இந்த வருடமும் எழுதினேன். இரண்டு விரலும் இனி மடங்காது, அதனால் என் எழுத்து எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

தம்பி மாடியேறி வருவதில்லை. சனிக்கிழமைகளில் கீழே கடைக்கு வருவான். பையைக் காலடியில் வைத்துவிட்டு என் ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பான். பயிற்சி முடிந்து அவள் வந்திருந்தால் அந்தப் பச்சைச் சட்டை அங்கேதான் காயும். கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். முதல் மாதங்களில் அவன் வருகிற நேரம் பார்த்து அதை உள்ளே எடுத்துவிடுவேன். இப்போது எடுப்பதில்லை.