நடக்காத மூன்று சுற்றுகள்

என் மனைவியின் தம்பி மிடில்வெயிட் குத்துச்சண்டைக்காரன். அச்சுவேலிச் சந்தையில் வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று, எழுபத்தைந்து கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டவன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த காலத்தில் நானும் அதே எடையில் சண்டைக்கு இறங்கியவன்தான். இடக்கண்ணில் வாங்கிய குத்தோடு அது முடிந்தது. எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில் கடையும் எரிந்தது. அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது கையில் ஒன்றுமில்லை. ஒருவன் நிற்கும் நிலையைப் பார்த்து, அவன் எங்கே அடி வாங்குவான் என்று சொல்லும் பழக்கம் மட்டும் போகாமல் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில் கொஞ்சக் காலம் போர் ஓய்ந்து, கொழும்புக்குப் பாதை திறந்திருந்தது. ரயில் ஓடியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் மைத்துனனோடு நின்று பிடிக்க ஆள் இல்லை. அந்த ஆண்டுக் கடைசியில் கொழும்பில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவதென்று நினைத்திருந்தான்.

"அத்தான், நீங்கள் ஒருக்கால் போய் என்ரை எடைக்காரரைப் பாத்துக்கொண்டு வாங்கோவன். எனக்கு ஏலுமோ ஏலாதோ எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ" என்றான்.

போனேன். கொழும்பில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டியவர்கள் மூன்று பேர். ஒருவன் கல்லூரி மாணவன், கால் வேகமானவன். இன்னொருவன் துறைமுகத் தொழிலாளி, நெட்டையன். முதலாம் இடத்தில் இருந்தவன் இராணுவச் சிப்பாய். கறுத்த, அமைதியான ஆள். எதிராளி அடித்து முடித்துக் கையை இழுக்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து வலக்கையை விடுவான். அவன் குத்திய சத்தம் நான் இருந்த கடைசி வரிசை வாங்கு வரை கேட்டது.

திரும்பி வந்து, தோட்டத்து வரம்பில் இருந்தபடி அவனுக்குச் சொன்னேன். மாணவனுக்கு இரண்டாம் சுற்றோடு மூச்சு முட்டும், அவனை வெல்லலாம். நெட்டையனை உள்ளே புகுந்து வயிற்றில் அடித்தால் வெல்லலாம்.

"மற்றவன்?"

"அவன்ரை வலக்கை பொல்லாதது. நீ பின்னுக்கு வரேக்கை இடக்கையை இறக்கிறாய். அவன் அதைக் கண்டிடுவான்."

"அப்ப இறக்காமல் பழகுறன்" என்றான்.

அன்றிலிருந்து மாமரத்தில் தொங்கிய உமி மூட்டைக்கு முன்னால் நின்று அதைத்தான் பழகினான். குத்திவிட்டுப் பின்வாங்கும்போது இடக்கை தாடையை விட்டு இறங்கக் கூடாது. நான் அந்தச் சிப்பாயாக நிற்பேன். என் வலக்கை வரும், அவன் ஒதுங்குவான். என் மனைவி அகப்பையோடு குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு கண் போனது காணாதே? இவன்ரையும் போகோணுமே?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போவாள்.

ஆனியில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. ரயில் நின்றது, பாதை மூடப்பட்டது. முதலில் எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு மாதத்தில் திறப்பார்கள் என்று அவன் சொன்னான். ஆண்டுக் கடைசிக்குள் திறப்பார்கள் என்றான். பிறகு அடுத்த ஆண்டு என்றான். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைப்பு நின்று தோட்டம் காய்ந்தது. சைக்கிளில் விறகு கட்டி அரியாலை வரைக்கும் கொண்டுபோய் விற்கத் தொடங்கினான். முட்டையும் மீனும் எப்போதாவதுதான். பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற் பிட்டுத் தின்றுவிட்டு உமி மூட்டையைக் குத்துவான். சந்தைத் தராசில் ஏறுவதை அவனாகவே நிறுத்திவிட்டான். சேட்டுத் துணிக்கு மேலாகவே தோள் எலும்பு தெரிந்தது. ஆனாலும் இடக்கை இறங்குவது நின்றிருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம் வந்தது. என்றாலும் அந்தச் சிப்பாயாகப் போய் நின்றேன்.

பிறகு என் மற்றக் கண்ணும் மங்கத் தொடங்கியது. வைத்தியத்துக்கென்று வெளியே போக இயக்கத்திடம் எனக்குப் பாஸ் கிடைத்தது. அவன் வயதுக்காரருக்குக் கிடைக்காது. கிளாலியில் வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடந்து, வன்னி வழியாகக் கொழும்புக்குப் போனேன். கண்ணைக் காட்டிய பிறகு, பழைய பழக்கத்தில் குத்துச்சண்டை மண்டபத்துக்கும் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த நடுவர் ஒருவர் இருந்தார். மிடில்வெயிட்டில் இப்போது யார் என்று சிங்களத்தில் கேட்டேன். நெட்டையன் இத்தாலிக்குப் போய்விட்டான் என்றார். மாணவன்தான் இப்போது சாம்பியன்.

"அந்தச் சிப்பாய்?"

"உங்கள் ஊர்ப் பக்கம்தான் போனான்" என்றார் அவர். "ஒரு இராணுவ முகாம் விழுந்தபோது செத்துப்போனான். உடல் வரவில்லை."

வீட்டுக்கு வந்ததும் மைத்துனன் கேட்ட முதல் கேள்வி கண்ணைப் பற்றியதல்ல, அந்தச் சிப்பாயைப் பற்றியது. சொன்னேன். விறகு கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு நிலத்தில் குந்தினான். எங்கள் ஊரில் அந்த முகாம் விழுந்த செய்திக்கு வெடி கொளுத்தியவர்கள் இருந்தார்கள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். என் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, வாசல் படலையைச் சாத்தினாள்.

"நான் அழுததை வெளியிலை கதையாதேங்கோ" என்றான்.

"இல்லை."

கயிற்றை மறுபடி எடுத்தபடி, "அத்தான், உள்ளதைச் சொல்லுங்கோ. அண்டைக்குப் பாதை பூட்டாமல் இருந்திருந்தால் நான் அவனை வெண்டிருப்பனோ?" என்று கேட்டான்.

அவனுக்கு நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. "இல்லை" என்றேன். "நீ நல்லாய்ச் சண்டை பிடிச்சிருப்பாய். மூண்டு சுற்றும் நிண்டிருப்பாய். ஆனால் அவன்தான் வெண்டிருப்பான்."

"இப்ப எண்டால்?"

"இப்ப நீ மிடில்வெயிட் இல்லையடா."

தலையை ஆட்டினான். "தோக்கிறதுக்குக்கூட எங்களை விடேல்லை" என்றான். மறுநாள் உமி மூட்டையை அவிழ்த்து, உமியை மாட்டுக் கொட்டிலுக்குள் கொட்டினான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் ஊரை நெருங்க, மழைக்குள், எல்லோரோடும் சேர்ந்து நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வகுப்பறையின் ஒரு மூலை எங்களுக்குக் கிடைத்தது. கிணற்றடியில் எந்நேரமும் சனம். ஒருநாள் காலையில் மைத்துனன் வாளியோடு வரிசையில் நின்றபோது, தன் இடத்தைப் பிடித்ததாகச் சொல்லி ஒருவன் சண்டைக்கு வந்தான். அவனும் எல்லாம் விட்டுவிட்டு வந்தவன்தான். கை ஓங்கினான். நான் சற்றுத் தள்ளி நின்றேன். மங்கிய கண்ணுக்கே அந்தக் குத்து எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிந்தது. அவ்வளவு மெதுவானது. மைத்துனன் இடக்கையை இறக்கிவிட்டு அசையாமல் நின்றான். அது நேரே வாயில் விழுந்தது.

என் மனைவி சேலைத் தலைப்பால் இரத்தத்தைத் துடைத்தாள். "ஏன்ரா மரம்மாதிரி நிண்டனி? காணேல்லையே?"

"கண்டனான் அக்கா" என்றான்.

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.