கார்பன் வைத்து எழுதிய பாராட்டு

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். வீடு விழுப்புரத்தில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ், நடுவில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். உடம்பு அலுப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். எனக்கு வந்திருந்தது வேறு. யாராவது "டீச்சர்" என்று கூப்பிட்டாலே எரிச்சல் வரும்.

ஒரு வருஷம் அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயத்தில், விழுப்புரத்துச் சங்கம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து மூன்று மாணவிகளை அனுப்ப வேண்டும். நேரில் பார்த்து ஒருத்தியைச் சிறந்த மாணவியாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவள் கல்லூரியில் சேர்ந்தால் மூன்று வருஷ விடுதிச் செலவு சங்கத்துடையது. மதிப்பெண் மட்டும் போதாது, குணமும் பிறருக்கு உழைக்கிற மனமும் வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

படித்ததும் எனக்கு ஒருத்தி ஞாபகம்தான் வந்தது. வகுப்பில் அவள் மூன்றாவது ரேங்க். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு வலிப்பு வரும். முதல் தடவை வந்தபோது நானே சாக்பீஸைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன். இவள்தான் அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் தாவணியைச் சுருட்டித் தலைக்குக் கீழே கொடுத்து, வாயைத் துடைத்து, பாவாடை நனைந்திருந்ததை யாரும் பார்க்காதபடி மறைத்து உட்கார்ந்தாள். பிறகு குழாயடியில் அலசிக் கொடுத்து, மயிலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள். இரண்டு வருஷமும் இப்படித்தான். வெளியில் யார் கேட்டாலும், "காலைல சாப்பிடல, மயக்கம்" என்பாள். வகுப்பே அதைத்தான் சொல்லும்.

கடிதம் வந்த சேதி தெரிந்து அவள் அம்மா மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்குகிற வேலையை விட்டுவிட்டு, மண் கையோடு பள்ளி வாசலுக்கு வந்தாள். "அந்த ஆஸ்டல் கெடச்சா படிக்கட்டும் டீச்சர். இல்லன்னா அவங்கப்பா நிறுத்திடுவாரு. நாத்தனாரும் அவங்க பையனுக்குப் பொண்ணு கேட்டுக்கினே கீறாங்க. நீங்கதான் பாத்து எழுதணும்" என்றாள். "எழுதறேம்மா, போங்க" என்றேன். அவள் நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

விண்ணப்பப் படிவங்கள் ஒரு வாரம் என் மேஜை டிராயரில் கிடந்தன. ஒரு நாள் நாலரை மணிக்கு பியூன் வந்து, "நாளைக்குக் காலைல தபால்ல போவணுமாம், ஜல்தி குடுங்க டீச்சர்" என்றார். எனக்கு ஐந்து மணிக்கு பஸ். பெயர், மதிப்பெண் எல்லாம் தனித்தனியாக நிரப்பினேன். கடைசியில் 'மாணவியின் குணம், சேவை பற்றி வகுப்பாசிரியர் கருத்து' என்று அரைப் பக்கம் காலியாக இருந்தது. டிராயரில் கார்பன் தாள் இருந்தது. மூன்று படிவங்களையும் அடுக்கி, நடுவில் கார்பன் வைத்து, அழுத்தி ஒரே தடவை எழுதினேன்: 'ஒழுக்கத்தில் சிறந்தவர். பிறருக்கு உதவும் மனப்பான்மை உடையவர். எடுத்துக்காட்டாகத் திகழ்பவர்.' தலைமையாசிரியை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

சனிக்கிழமை நேர்காணல். திண்டிவனம் போய் மூன்று பேரையும் விழுப்புரத்துக்கு அழைத்து வந்தேன். சங்கத்துக் கூடத்தில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். மூன்று பேரோடு என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். மூன்று தாள்களையும் விசிறி மாதிரி பிரித்துப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா டீச்சர், ஒண்ணு எழுதி மூணா ஆக்கிட்டீங்க! கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆனாப்பல மூணாவது படிக்கவே முடியல."

அடுக்கில் அடியில் இருந்த தாள் அவளுடையது. அவர் சிரித்தார். வெட்கத்தில் நானும் சிரித்தேன். இன்றுவரை என்னால் பொறுக்க முடியாதது அந்தச் சிரிப்புதான்.

அவர் அவளைப் பார்த்து, "சரி, நீயே சொல்லும்மா. மத்தவங்களுக்கு இன்னா செஞ்சிருக்க?" என்று கேட்டார்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "பெருசா ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

வாயைத் திற என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பெயர் சொல்லாமல் இரண்டு வரி பேசியிருக்கலாம். ஆனால் பேசினால், இதை ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்பார். மேஜை விரிப்பின் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு வழியில்லாமல் மதிப்பெண்ணைப் பார்த்து முதல் ரேங்க் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். நல்ல பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்ப அவர்களைக் கொண்டுபோய் விட மறுபடியும் திண்டிவனம் பஸ். தேர்வான பெண்ணும் இன்னொருத்தியும் முன் சீட்டில் பேசிக்கொண்டே வந்தார்கள். இவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஊர் நெருங்குகிறபோது மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், நான் உள்ள சொல்லாதது கரெக்ட்தானே?"

"எதை?"

"அவ விஷயத்த. வெளிய தெரிஞ்சா அவள யாரு டீச்சர் கட்டிக்குவாங்க? நீங்ககூட அதுக்காகத்தான எழுதல? மூணு பேருக்கும் ஒரே மாரி எழுதிட்டா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு. எங்கம்மா கேட்டா அப்படித்தான் சொல்லப்போறேன்."

அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. என்மேல் கோபம் துளிகூட இல்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். முன் சீட்டுப் பெண்கள் எழுந்து பைகளை எடுத்துக்கொண்டார்கள்.

"ஆமாம்மா, அதுக்காகத்தான்" என்றேன்.