பின்னடி சொன்ன குரல்

மலையுச்சியில் யோகத்தில் அமர்ந்த சிங்கப்பெருமானே, ஓரிடத்தில் அமராத என் மனத்தை இந்தச் சில வரிகளுக்காவது இருத்தி அருள்வாய். இன்று ஆனிச் சுவாதி, சனிக்கிழமை, உன் திருநட்சத்திரம்.

மைசூர் விஜயநகரில், கணினியின் முன் அமர்ந்தே இப்போது பாசுரம் சேவிக்கிறேன். முழங்கால்கள் கோயிற்படிகளை மறுத்துவிட்டன. என்போல் பல ஊர்களில் முடங்கியவர்கள் காலைதோறும் இணையத்தில் கோஷ்டியாகக் கூடுகிறோம். அடுத்த தெருவில் வாழும் ஓய்வுபெற்ற பொறியாளர், எவரும் படித்துப் பார்க்கத் திறந்து கிடக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தம் சர்வரில் நிறுவி இடம் தந்தார். அது தொலைபேசி எண் கேட்பதில்லை.

கோஷ்டியில் ஒரு பக்கத்தார் முன்னடிகளையும் மறுபக்கத்தார் பின்னடிகளையும் சொல்வது மரபு. இணையத்தில் ஒலி தாமதிப்பதால், கூடிச் சொன்னால் சந்தை இரைச்சலாகிவிடும். ஆதலால் முன்னடிக்கு ஒருவர், பின்னடிக்கு ஒருவர். மற்றவர் மைக்கை மூடி உதடசைப்பர். முன்னடி என்னுடையது. தாமதத்தை அளந்து, சற்றே முந்தி எடுத்து, பின்னடியை இழையறாமல் பொருத்தியது ஒரு பெண்குரல் மட்டுமே. முகமில்லை, பெயருக்குரிய இடத்தில் ஒரு புள்ளி.

சாமராஜநகரிலிருந்து சேரும் முன்னாள் அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் சேவை முடிந்ததும் கேட்டுவிட்டார். “யார் ஸ்வாமி அது? எந்த ஊர், எந்தத் திருமாளிகை என்று தெரியாமல் கோஷ்டியில் எப்படி இருத்துவது?”

“அந்தப் புள்ளி ஓர் எழுத்தும் பிசகவில்லை. பெயருள்ள தேவரீர்தான் நேற்று ஒருமுறை பின்னடி எடுத்தபோது ஓரடியை விழுங்கினீர்” என்றார் பொறியாளர்.

“பரிகாசம் வேண்டாம். முன்பு கூடிய பழைய செயலிக்கே போவோம். அங்கே எண்ணாவது தெரியும்.”

“அங்கே பாசுரம் முடியுமுன் முழங்கால் தைல விளம்பரம் வந்ததே, மறந்தீரா?”

அப்போது அக்குரல் முதன்முறையாகப் பேசியது. “ஸ்வாமி, ஊரைச் சொன்னால் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். மன்னிக்கணும்.”

புள்ளி மறைந்தது.

மறுநாள் முதல் என் முன்னடி அந்தரத்தில் நின்றது. வாசலில் பைக் ஓசை கேட்டாலும் எழுந்து பார்த்தேன். யாரை எதிர்பார்த்து என்று எனக்கே விளங்கவில்லை. பொறியாளரிடம் சென்று, “சர்வரில் தடம் ஏதும் இராதா?” என்றேன்.

“தடம் வைக்காதபடி அடியேன்தான் அமைத்தேன். இருந்தால் அவரைத் துரத்துகிறவர்களுக்கும் அது கிடைக்குமே, ஸ்வாமி.”

அழைக்க வழியில்லை. நுழைவுப் பக்கத்தில், ‘இங்கே எவரையும் ஊரும் பேரும் கேளோம், அடியேன் என்றால் போதும்’ என்று எழுதி வைத்தோம். எல்லாரும் தம் பெயரை நீக்கி ‘அடியேன்’ என்றே இட்டுக்கொண்டோம். முதலில் மாற்றியவர் அதிகாரி. இருமல் கேட்டால் எந்த அடியேன் என்று தெரியாமல் தவித்தோம்.

இன்று காலை முன்னடியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பின்னடி வந்தது, அதே குரலில், இழையறாமல். முடிந்ததும் அவர் மைக்கை மூட மறந்துவிட்டார். பின்னால் ஒரு பேருந்து நின்றது. நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவத் தொடங்கினார்.

அந்தக் கணமே அதிகாரி மைக்கைத் திறந்து, தமக்குரியதல்லாத அடுத்த முன்னடியை, தொண்டை கிழிய எடுத்தார். வரிசை தவறுவதை ஒருநாளும் சகியாதவர். நானும் சேர்ந்துகொண்டேன். இருவர் குரலும் மோதிச் சந்தை இரைச்சலாயிற்று. ஊர்ப்பெயர் அதில் அமிழ்ந்தது. புள்ளியின் மைக் மூடிய பிறகே நிறுத்தினோம்.

இதை வாசிக்கும் யாவரும், எந்தப் பெயரில் எங்கிருந்தாலும், அவன் திருவடி நிழலில் அச்சமின்றி நீடு வாழ்வீராக.